உலை ஓடிக்கொண்டுதான் இருந்தது

சட்டைப் பொத்தானைவிடச் சற்றே பெரிய, இளமஞ்சள் நிறச் செராமிக் வட்டு அது. இருபுறமும் வெள்ளிப் பசை பூசி, குளிரவைத்து, பின் மெல்லச் சூடேற்றிக்கொண்டே அதன் மின்காப்பு மாறிலியை அளக்க வேண்டும். புதுக்கோட்டைக்கு வெளியே இருந்த எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் அதைச் செய்தவர், என்னைவிட மூன்றாண்டு மூத்த ஆய்வு மாணவி. அக்கா என்றே அழைப்பேன். காரீயமும் ஸ்காண்டியமும் டாண்டலமும் சேர்ந்த ஆக்சைடு அவருடைய பொருள். அந்தப் படிகத்தில் ஸ்காண்டியத்துக்கும் டாண்டலத்துக்கும் ஒரே வகை இடங்கள்தாம். உலையில் நெடுநேரம் வைத்திருந்தால் அவை ஒன்றுவிட்டு ஒன்றாக அமரும். அப்போது வரைபடத்தில் மாறிலி ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் கூர்முனையாக எழும். நேரம் குறைந்தால் அணுக்கள் கலைந்தே கிடக்கும். கூர்முனை அகன்ற மேடாகப் பரந்துவிடும்.

முதல் தொகுதியில் அக்காவுக்குக் கூர்முனை கிடைத்திருந்தது. அதையே இன்னொரு முறை செய்து காட்டினால்தான் முனைவர் பட்டப் பதிவை நீட்டிக்கும் கடிதத்தில் கையொப்பமிடுவேன் என்றார் எங்கள் நெறியாளர். நாற்பது மணி நேரத்துக்கு உலையை அமைத்து, குறிப்பேட்டில் எழுதிவிட்டு, கொழுந்தன் கல்யாணத்துக்குக் கறம்பக்குடி போனார் அக்கா. மறுவாரம் என் ஆய்வுக்கான மதிப்பீடு இருந்தது. இருந்ததோ ஒரே உலை. இடையில் அவருடைய வட்டுகள் இருந்த மூசைக் கிண்ணத்தை இடுக்கியால் எடுத்துச் செங்கல்மேல் வைத்துவிட்டு, என் தூளைச் சுட்டேன். அவர் திரும்புவதற்குள், உலை ஆறியபின், மூசையை மீண்டும் உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினேன். குறிப்பேட்டில் எதுவும் எழுதவில்லை. நேரம் குறைந்தால் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். அந்தப் பொருளைப் பொறுத்தவரை எல்லாமே அந்த மணி நேரங்களில்தான் இருந்தது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

துறைக் கூட்டத்தில் இரண்டு வரைபடங்களும் திரையில் விழுந்தன. ஒன்றில் கூர்முனை, மற்றதில் மேடு.

"ஏம்மா, ஒரே சாமான், ஒரே நாப்பது மணி நேரம்ங்கிற. இதுல எது ஃபர்னேஸ்ல வச்சது, எது கல்யாணப் பந்தியில ஒக்காந்து வரைஞ்சது?" என்றார் நெறியாளர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"நோட்ல எழுதிருக்கேன் சார்," என்ற அக்கா என் பக்கம் திரும்பினார். "நீ இங்கிட்டுத்தான தம்பி இருந்த. ஃபர்னேஸ் ஓடுச்சுல்ல?"

"ஓடுச்சுக்கா."

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. உலை ஓடத்தான் செய்தது. உண்மையைச் சொன்னால் என் ஆய்வு என்னவாகும், சொல்லாவிட்டால் அவருடையது என்னவாகும் என்று அந்த ஒரு கணத்தில் எடைபோட்டுப் பார்த்துத்தான் அந்தச் சொல்லைத் தேர்ந்தேன். தரவைப் புனைந்தவர் என்ற பெயரோடு அக்காவின் பதிவு காலாவதியானது. அவருடைய தலைப்பை நெறியாளர் என்னிடம் தந்தார். அணுக்களின் ஒழுங்கு உலையில் வைக்கும் நேரத்தைப் பொறுத்து எப்படி மாறுகிறது என்பதே என் ஆய்வேட்டின் நான்காம் இயல். தேர்வாளர்கள் மிகவும் பாராட்டியது அந்த இயலைத்தான்.

சென்ற மாதம் அறந்தாங்கியில் ஒரு பள்ளியின் அறிவியல் கண்காட்சிக்கு நடுவராகப் போயிருந்தேன். அங்கே இயற்பியல் ஆசிரியை அக்காதான். மாணவர்கள் முன்னால் என்னைப் பெருமையாக அறிமுகப்படுத்தினார். மோர் கொடுத்தார். கூட்டம் கலைந்தபின் அருகில் வந்து உட்கார்ந்தார்.

"ஒங்க தீசிஸப் படிச்சேன் தம்பி. நாலாவது சாப்டர்ல ஒரு மேடு வருதுல்ல, அது அப்படியே என்னோட மேடு." குரலில் கோபமே இல்லை. 'நீ' என்று அழைத்தவர் இப்போது 'நீங்க' என்றார். "ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு எத்தன மணி நேரத்துல வெளிய எடுத்தீங்க?"

மன்னிப்புக் கேட்க நான் ஆயத்தமாக வைத்திருந்த வாக்கியங்கள் எதற்கும் அந்தக் கேள்வியில் இடமிருக்கவில்லை.

"பன்னெண்டுக்கா."

அவர் சற்று யோசித்தார்.

"ஒங்க கிராஃப வச்சு நான் பத்துன்னு கணக்குப் போட்டு வச்சிருந்தேன்," என்று சொல்லிவிட்டு, மோர் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.