அக்காவின் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றாதீர்கள்

எங்கள் அக்கா இல்லாமல் ஓராண்டை ஓட்டிவிட்டோம். இன்று வீடு தேடி வந்து, அக்காவின் படத்துக்குப் பூப் போட்டு, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் கடைசித் தங்கையின் வணக்கம். பொறுமையின் சிகரம், சாந்த சொரூபி என்றெல்லாம் எழுதச் சொன்னார்கள். எழுத மாட்டேன். அக்கா பெரிய பிடிவாதக்காரர். அந்தப் பிடிவாதம் இல்லாவிட்டால் எங்கள் வீட்டில் ஒருவரும் கரையேறியிருக்க மாட்டோம். குளுவாங் கோயிலுக்குப் பின்னால் அந்தக் காய்கறிப் பண்ணையும் இருந்திருக்காது.

குளுவாங்குக்கு வெளியே ஒரு ரப்பர்த் தோட்டத்தின் லயத்து வீட்டில் அக்கா தலைமகளாகப் பிறந்தார். அப்பா பால்மரம் சீவினார், அம்மா களை எடுத்தார். அப்பா திடீரென்று தவறியபோது அக்கா மூன்றாம் படிவத்தில் படித்துக்கொண்டிருந்தார். காரியம் முடிந்த கையோடு புத்தகப் பையை ஆணியில் மாட்டிவிட்டு டவுனில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போனார். பிறகு மின்னணுத் தொழிற்சாலை. தம்பி தங்கைகள் எங்கள் எல்லோரையும் அந்தச் சம்பளத்தில்தான் படிக்க வைத்தார். யாராவது கல்யாணப் பேச்சை எடுத்தால், “கடைக்குட்டி பரீட்சை முடியட்டும்” என்பார். அந்தக் கடைக்குட்டி நான்தான். என் பரீட்சைகள் முடிவதற்குள் பேச்சு எடுத்தவர்களே ஓய்ந்துபோனார்கள்.

படிப்பை விட்டதற்காக அக்கா அழுது நான் பார்த்ததில்லை. ஒன்றை மட்டும் அடிக்கடி சொல்வார். “ஸ்கூலுக்குப் போறத நிறுத்துனேன் பாப்பா. ஒருத்தராவது ஏன் வரலன்னு கேட்டாங்களா? என் நாற்காலியத் தூக்கி வேற வகுப்புல போட்டுட்டாங்க. அவ்ளோதான்.” நான் ஐம்பதைத் தாண்டிய பிறகும் அக்காவுக்குப் பாப்பாதான்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அக்காவின் கண்ணில் பட்டவர்கள், தான் குடியிருந்த அடுக்குமாடிப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர்கள். வேலையும் இல்லை. ஏறி இறங்குகிற எல்லோரும் அவர்களைத் திட்டிக்கொண்டே போனார்கள். அக்காவோ பெயர் கேட்டார், சாப்பிட்டீர்களா என்று கேட்டார். பிறகு கோயில் நிர்வாகத்தாரிடம் போய், கோயிலுக்குப் பின்னால் லாலாங் புல் மண்டிக் கிடந்த நிலத்தைக் காய்கறி போடக் கேட்டு வாங்கிவிட்டார். நான் குடியிருக்கும் தம்போயிலிருந்து போன் போட்டுச் சத்தம் போட்டேன். “ரிட்டையர் ஆனா ரெஸ்ட் எடுக்கணும்லா, அக்கா!” “எடுத்துக்கிட்டுதான் இருக்கேன். நின்னுக்கிட்டே எடுக்குறேன்” என்று வைத்துவிட்டார்.

தோட்டத்தில் பிறந்தவருக்கு விவசாயம் தெரியாமலா போகும் என்று நினைத்தோம். அக்காவுக்குச் சுத்தமாகத் தெரியாது. அவரும் அந்தப் பிள்ளைகளும் கோழிப்பண்ணையிலிருந்து பச்சை எருவை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து கொட்டி, அன்றைக்கே நாற்றும் நட்டார்கள். அத்தனையும் கருகிப்போயிற்று. வேறு யாராக இருந்தாலும் வீட்டோடு அடங்கியிருப்பார்கள். அக்கா அதே பிள்ளைகளை இழுத்துக்கொண்டு விவசாய இலாகா நடத்திய வகுப்புக்குப் போய் முதல் வரிசையில் உட்கார்ந்தார். “காக், இத்து பாஜா மாசே பானாஸ்லா” என்று அதிகாரி மலாயில் சொல்லிச் சிரித்தாராம். எரு சூடு ஆறவில்லை, மட்க வைத்துத்தான் போட வேண்டும் என்று அன்றைக்குத்தான் அக்காவும் கற்றார், பிள்ளைகளும் கற்றார்கள். அடுத்த நடவில் கீரை தழைத்து, காலைச் சந்தைக்குப் போனது.

பண்ணையில் அக்கா போட்ட சட்டம் பலருக்குப் பிடிக்கவில்லை. ஒருவருக்கு ஒரு பாத்தி. அக்காவுக்கும் ஒன்றே ஒன்று. ஒருவர் வராவிட்டால் அவர் பாத்திக்கு இன்னொருவர் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஆளைத் தேடிப் போய்க் கூப்பிட வேண்டும். ஒரேயடியாக விலகுகிறவர், தானே வந்து பாத்தியைக் கொத்திப் புரட்டி அடுத்த ஆள் கையில் கொடுக்க வேண்டும். “பச்சைச் செடிய வாட விடறது பாவம் இல்லையா?” என்று கேட்டேன். “இதுங்க வரலன்னா இத்தன நாள் யாருக்கும் ஒண்ணும் ஆகல பாப்பா. இங்க ஒரு செடிக்காவது ஆகட்டும்” என்றார்.

தர்ஷினி என்ற பெண் மிளகாய் போட்டிருந்தாள். அவளை வீட்டார் மெர்சிங்கில், படகுத்துறைக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவ அனுப்பிவிட்டார்கள். போவதை யாரிடமும் சொல்லவில்லை. செடி வாடியது. அக்கா இடத்தை விசாரித்துத் தெரிந்துகொண்டு, காய்ந்த மிளகாய்ச் செடியை மண்ணோடு பிடுங்கிப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு என் காரில் ஏறினார். மெர்சிங் போய்ச் சேர்வதற்குள் என் சீட்டெல்லாம் மண். கடை வாசலில் தர்ஷினியை நிறுத்திப் பையைத் திறந்தார்.

“இது யாரு செடி?”

“என்னோடதுதான், ஆன்ட்டி.”

“ஏன் வாடிச்சு?”

“நான் வரல.”

“அதச் சொல்லத்தான் வந்தேன். இந்த வேல பிடிச்சிருந்தா இரு, நான் கோவிச்சுக்க மாட்டேன். ஆனா நீயே வந்து பாத்தியக் கொத்திக் குடுத்துட்டுப் போ.”

அவ்வளவு தூரம் போனது இதற்குத்தானா என்று திரும்பும் வழியெல்லாம் முணுமுணுத்தேன். மறு வாரம் தர்ஷினி பஸ் ஏறி வந்தாள், பாத்தியைக் கொத்தினாள், யாருக்கும் கொடுக்கவில்லை. மறுபடியும் மிளகாயே நட்டாள். இன்று அந்தப் பண்ணையை நடத்துவது அவள்தான்.

நோய் முற்றி அக்கா மருத்துவமனையில் படுத்தபோது, அவருடைய பாத்தியில் வெண்டை பூத்திருந்தது. பிள்ளைகள் தண்ணீர் ஊற்றவில்லை. சட்டப்படி ஆளைத் தேடி வந்தார்கள். தர்ஷினி கையில் ஒரு பிளாஸ்டிக் பை. தடுக்க எழுந்தேன். அதற்குள் அவள் வாடிய வெண்டைச் செடியை வெளியே எடுத்துவிட்டாள்.

“இது யாரு செடி, ஆன்ட்டி?”

அக்கா சிரித்தார். அந்த வாரம் முழுவதும் சிரிக்காதவர். “என்னோடதுதான்.”

“ஏன் வாடிச்சு?”

“நான் வரல.” கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, “இனிமே வர முடியாது, தர்ஷினி. பாத்திய நானே கொத்திக் குடுக்கணும். என் கைக்கு முடியல. பாப்பா குடுப்பா” என்றார். சில நாட்களில் அக்கா போய்விட்டார்.

நான் கொடுக்கவில்லை. கொடுத்தால் அக்கா இனி வரவே மாட்டார் என்று ஆகிவிடும். பிள்ளைகளுக்கும் கேட்டு வாங்க மனம் வரவில்லை. ஓராண்டாக அந்த ஒரு பாத்தியில் மட்டும் லாலாங் ஏறிக்கொண்டிருந்தது. மலர் அச்சுக்குப் போகும் முன் பண்ணையைப் படம் எடுக்கப் போனபோது தர்ஷினி சொன்னாள்: “ஆன்ட்டி பாத்தில யாரும் நட வேணாம். பேரு எழுதி போர்டு வைக்கலாம், சுத்திப் பூச்செடி வைக்கலாம்.” எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “உங்க ஆன்ட்டிக்குப் பூச்செடியா? ஒரு கட்டு கீரைக்காவது ஆகுமா அது? கடைசியா என்ன சொன்னாங்க? நீதானே பக்கத்துல நின்ன?” அவள் அழுதாள். நானும் அழுதேன். பிறகு அவளே போய் மண்வெட்டியை எடுத்துவந்து என் கையில் கொடுத்தாள்.

நான் மண்வெட்டி பிடித்தது அதுதான் முதல் தடவை. லாலாங் வேர் லேசில் விடாது. கை கொப்புளித்தது. பிள்ளைகள் சுற்றி நின்றார்கள், ஒருவரும் உதவிக்கு வரவில்லை. சட்டம் அப்படி. புரட்டி முடித்து, அக்காவின் பாத்தியைப் புதிதாக வந்த பிரவினிடம் கொடுத்தேன். அவன் அக்காவைப் பார்த்ததே இல்லை. பாயாம் கீரை விதை தூவியிருக்கிறான்.

நிலம் தந்த கோயில் நிர்வாகத்தாருக்கும், சொல்லிக்கொடுத்த அதிகாரிகளுக்கும், அக்காவைக் கடைசிவரை கவனித்த மருத்துவர்கள், தாதியர்களுக்கும், இறுதிச் சடங்கில் தோள் கொடுத்த அக்கம்பக்கத்தாருக்கும், அன்று பந்தலை விட்டு நகராமல் நின்ற பண்ணைப் பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது. உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். கோயிலுக்குப் போகிறவர்கள் பின்பக்கமும் எட்டிப் பாருங்கள். அக்காவின் பாத்தியில் கீரை வாடிக் கிடந்தால், அக்காவின் நினைவாக என்று யாரும் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள். பிரவின் வரவில்லை என்று அர்த்தம். அவனைத் தேடிப் போங்கள்.