நான்கு விரல் குறைந்த கோல்

எங்கள் ஸ்டேஷனுக்கு நான் எப்போது போனாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "வூட்டுக்காரர் வரலீங்களா?" துப்பாக்கி லைசென்ஸ் என் பெயரில் இருக்கிறது என்பது அங்கே ஒருவர் மண்டையிலும் ஏறாது. லைசென்ஸ் புத்தகத்தைத் திறந்து என் போட்டோவைக் காட்டுவேன். போட்டோவைப் பார்ப்பார்கள், என்னைப் பார்ப்பார்கள், மறுபடி, "அவர் எப்போ வருவாருங்க?" என்பார்கள். எனக்கு வருகிற கோபத்துக்கு அந்த நேரம் துப்பாக்கி கையில் இல்லாமல் இருப்பதே நல்லது.

அது என் அப்பாவின் துப்பாக்கி. நான் ஒரே பெண் என்பதால், நிலத்தோடு சேர்த்துப் பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸும் என் பெயருக்கு மாறியது. ஒற்றைக் குழல் நாட்டுத் துப்பாக்கி. கடையில் தோட்டா வாங்கிப் போடுகிற ரகம் இல்லை. ஒவ்வொரு வெடிக்கும் நாமே குழலின் வாய் வழியாகக் கையால் கெட்டிக்க வேண்டும். அடியில் கருமருந்து, மேலே தேங்காய் நார், அதை மூங்கில் கோலால் இடித்து இறுக்க வேண்டும். வெடிக்கிற நேரத்தில் மட்டும் பின்னால், தட்டினால் பொறி விடுகிற சின்னத் தொப்பி மாதிரியான 'கேப்' ஒன்றை மாட்டி விசையை இழுக்க வேண்டும். நாருக்கு மேல் ஈயக்குண்டு போட்டால் உயிரை எடுக்கும். போடாவிட்டால் வெறும் சத்தம்.

குண்டு போடுவதா வேண்டாமா என்பதில் எங்கள் வீட்டில் சட்டம் உண்டு. சட்டம் போட்டவர் என் வீட்டுக்காரர். "பன்னிய சுட்டா பாரஸ்டுக்காரன் கேஸு போடுவான். அதுகூட பரவால்ல. குட்டியோட வர்ற பிராணிங்க புள்ள அது. சத்தம் போதும்" என்பார். ரொம்ப இளகிய மனசு. கோழி அறுக்கிற நாளில் நல்லம்பள்ளிக்கு வேலை இருக்கிறது என்று கிளம்பிவிடுவார். துப்பாக்கிச் சத்தத்துக்கு இரண்டு காதையும் பொத்திக்கொள்வார். அதனால் கெட்டிப்பதும் வெடிப்பதும் நான்தான். நாரில்கூட எனக்குத் தேர்வு உண்டு. புது நார் சரியாக இறுகாது, ரொம்பப் பழையது பொடியாகிவிடும். போன வருசத்து மட்டையில் உரித்த நார்தான் சத்தத்துக்கு வாகு. காட்டுப்பன்றி அந்தச் சத்தத்துக்கு எங்கள் நிலத்துக்கு அடுத்த கரட்டுக் குன்றைத் தாண்டி ஓடும்.

ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன், பிறகு நடந்தது முழுக்க அதில்தான் இருக்கிறது. குழலுக்குள் மருந்து இருக்கிறதா இல்லையா என்று வெளியே இருந்து பார்த்துச் சொல்ல முடியாது. அதற்குக் கோல்தான் சாட்சி. கோலின் மேல்பக்கத்தில் அப்பா ஒரு வெட்டு வைத்திருந்தார். கோலைக் குழலுக்குள் விட்டால், அந்த வெட்டு குழல் வாய்க்குச் சரிமட்டமாக நின்றால் காலி. நான்கு விரல் மேலே தூக்கி நின்றால் உள்ளே கெட்டித்திருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம்.

போன தேர்தலுக்கு முன்னால் கடலைக்காய் பறிக்கிற பருவம். இன்னும் பத்து நாள் விட்டால் பறித்துவிடலாம் என்றிருந்தபோது பன்றிகள் இறங்கின. மூன்று நாள் ராத்திரி, மூன்று நாளும் என் சத்தத்துக்குப் பயந்து ஓடின, ஓடிவிட்டு அந்தப் பக்கமாகத் திரும்பி வந்து தின்றன. நாலாவது நாள் காலையில் போய்ப் பார்த்தால் அரை ஏக்கர் உழுது போட்டது மாதிரி கிடக்கிறது. அங்கேயே வரப்பில் உட்கார்ந்து அழுதேன். அழுகை முடிந்ததும் ஆத்திரம் வந்தது. அன்று சாயங்காலம் அவர் பால் ஊற்றப் போயிருந்த நேரத்தில் அப்பாவின் தகர டப்பாவைத் திறந்து ஈயக்குண்டுகளை எடுத்தேன். மருந்து, நார், ஒரு கைப்பிடி குண்டு, மறுபடி நார். இடித்து இறுக்கி, ஒன்றும் தெரியாதவள் மாதிரி பரண் ஓரம் சாத்தி வைத்துவிட்டு ரசம் வைத்தேன்.

அன்றைக்குப் பார்த்துப் பன்றி வரவில்லை! விடிந்ததும் ஸ்டேஷனிலிருந்து போன்தான் வந்தது. தேர்தல் அறிவித்தாயிற்று, துப்பாக்கி வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் மத்தியானத்துக்குள் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும். எப்போதும் உள்ள நடைமுறைதான். கெட்டித்ததை வெடித்துக் காலி செய்துவிட்டுக் கொண்டுபோக வேண்டும். ஆனால் அதற்கு முந்தின நாள்தான் மாட்டுக்குச் சோளத்தட்டு அறுக்கும்போது அரிவாள் பட்டு, வலது ஆள்காட்டி விரலில் இவ்வளவு பெரிய கட்டு. கெட்டிக்கும்போது வலிக்கவில்லை, ஆத்திரத்தில் எதுவும் வலிக்காது. காலையில் விரல் கொழுக்கட்டை மாதிரி வீங்கியிருந்தது. விசையை இழுக்க வராது.

"ஏங்க, இதைக் கொண்டுபோய் வெடிச்சுட்டு வாங்க" என்று அவரிடம் நீட்டினேன். லைசென்ஸ் இல்லாதவர் கையில் கொடுப்பது தப்பு என்று தெரியும். நேரம் அப்படி.

"நானா?"

"நீங்கதான். கரட்டைப் பார்த்துப் புடிங்க. ஆடு மாடு இருக்குதான்னு பார்த்துக்குங்க. ஆளு யாராச்சும் இருந்தா வெடிக்காதீங்க. தோள்ல நல்லா அழுத்திப் புடிங்க, உதைக்கும். மூஞ்சிய தூர வெச்சுக்குங்க."

"வெறும் நாருக்கு ஏம் புள்ள இத்தன பத்திரம்?"

"சொன்னதைச் செய்யுங்க சாமி!" என்று கத்திவிட்டு உள்ளே போய்விட்டேன். குண்டு போட்டதை அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நாலு நாள் சாப்பிட மாட்டார். யாருக்கு வேண்டும் அந்த ரோதனை?

கொஞ்ச நேரம் கழித்து மேட்டுப் பக்கம் டமாலென்று சத்தம் கேட்டது. அவர் வேர்த்து விறுவிறுத்து வந்தார். "ஆச்சு" என்றார். நான் கோலை விட்டுப் பார்த்தேன். வெட்டு சரிமட்டம். காலி. மனசுக்குள் பெரிய நிம்மதி. சனியன் பிடித்த குண்டு கரட்டு மண்ணோடு போயிற்று, இனி யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மொபெட்டில் என்னை ஸ்டேஷனில் கொண்டுபோய் இறக்கிவிட்டு அவர் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டார். உள்ளே புதிதாக வந்த ஒரு பெண் போலீஸ் இருந்தாள். இருபத்தைந்து வயசு இருக்கும். கண்ணுக்கு மை எழுதி, பளிச்சென்று இருந்தாள். "அக்கா, லோடு இல்லைங்களே?" என்று கேட்டாள். வூட்டுக்காரரைக் கேட்காத முதல் ஆள்! எனக்கு அவளைப் பிடித்துப் போயிற்று. கோலை எடுத்து அவள் முன்னால் குழலில் விட்டு, வெட்டைக் காட்டி, எப்படிப் பார்க்க வேண்டும் என்று பெருமையாகப் பாடமே எடுத்தேன். "அட, சூப்பருங்க்கா" என்றாள். துப்பாக்கியையும் கோலையும் சேர்த்துப் பெயர் அட்டை கட்டினாள். "இந்த வருசம் ஏகப்பட்ட துப்பாக்கிங்க்கா. நான்தான் துடைச்சு வெக்கணும். ஒவ்வொரு குழலுக்குள்ளயும் டார்ச் அடிச்சுப் பார்த்து துரு இருக்குதான்னு எழுதணும். வெள்ளிக்கிழமை துப்பாக்கி பழுது பார்க்குற ஆர்மரர் வந்து கேப் மாட்டி, விசை வேலை செய்யுதான்னு அடிச்சுப் பார்ப்பாரு" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலையில் துணி ஊறவைக்க அவர் சட்டையை எடுத்தேன். பையில் என்னவோ தட்டுப்பட்டது. பீடிக்கட்டு என்று நினைத்தேன். வெளியே எடுத்தால் மூங்கில் துண்டு. மருந்துக் கரி ஏறிக் கறுத்த முனை. நான்கு விரல் நீளம்.

ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். எனக்கு விளங்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கோலின் அடியை நான்கு விரல் வெட்டிவிட்டால், கெட்டித்த துப்பாக்கியிலும் வெட்டு சரிமட்டமாகத்தானே நிற்கும்.

"என்னங்க இது?" என்று துண்டை நீட்டினேன்.

மனுஷன் திருட்டு முழி முழித்தார். "நீ அன்னிக்கு அத்தன பத்திரம் சொன்னதுல எனக்கு கை கால் ஒதறிப் போச்சு புள்ள. தீவாளிக்கு வாங்குன வெடி ஒண்ணு இருந்துச்சு, அதப் பத்த வெச்சுட்டு வந்துட்டேன். நீ கோலு உட்டுப் பார்ப்பியேன்னு அடிய அறுத்து, வெட்டுன எடத்துல கரி தேய்ச்சுட்டேன். வெறும் நாருதானே, எலக்‌ஷன் முடிஞ்சு வந்ததும் நீயே வெடிச்சுக்குவேன்னு…"

"அது நாரு இல்லீங்க. குண்டு போட்டிருக்கேன்."

அவர் முகம் சுண்ணாம்பாய் வெளுத்ததை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. சண்டை போட எங்களுக்கு நேரமில்லை. ஸ்டேஷனுக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. தேர்தல் வேலையில் யார் எடுப்பார்கள்? நனைந்த சேலையோடு மொபெட்டில் ஏறினேன். வழியெல்லாம் போன் அடித்துக்கொண்டே போனேன். எனக்குக் கண்முன்னால் அந்த மை எழுதிய கண்தான் நின்றது, குழல் வாயில் டார்ச் அடித்துப் பார்க்கிற கண். "ஐயோ, வெரசாப் போங்க" என்று அவர் முதுகில் குத்தினேன். என் வண்டியை நிதானத்துக்கு மேல் ஓட்டாத மனுஷன் அன்று ரெண்டு லாரியை ஓரங்கட்டினார்.

ஸ்டேஷன் பின்பக்கம் வேப்பமரத்தடியில் பெஞ்சு போட்டு எல்லாத் துப்பாக்கியையும் வரிசையாக வைத்திருந்தார்கள். கண்ணாடி போட்ட ஆர்மரர் ஒவ்வொன்றாக எடுத்து விசையைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே அந்தப் பெண் நோட்டை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அவர் கையில் இருந்தது என்னுடையது. கேப்பு மாட்டியாகிவிட்டது.

"அடிக்காதீங்க சார்! கெட்டிச்சிருக்குது! குண்டு இருக்குது!"

நான் போட்ட கத்தலில் மரத்துக் காக்கா எல்லாம் பறந்தது. அவர் மெதுவாகக் கேப்பைக் கழற்றினார். "கோலு லெவலாத்தானே நிக்குது? இந்தப் பொண்ணுகூட இப்பதான் காட்டுச்சு" என்றார். நான் கற்றுக் கொடுத்ததை அப்படியே செய்து காட்டியிருக்கிறாள் பாவம். இடுப்பில் செருகியிருந்த மூங்கில் துண்டை எடுத்துக் கோலின் அடியில் வைத்துக் காட்டினேன்.

திருகு மாட்டிய கம்பியை உள்ளே விட்டு அவர் நாரை இழுத்தார். குழலைச் சாய்த்ததும் ஈயக்குண்டுகள் பெஞ்சின் மேல் கடகடவென்று உருண்டன. இரண்டு கீழே விழுந்தன. அந்தப் பெண் குனிந்து பொறுக்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். "திங்கக்கிழமை நான் இதுக்குள்ள கண்ண வெச்சுப் பார்த்தேங்க்கா. ஒண்ணும் தெரியல, இருட்டா இருந்துச்சு. துரு இல்லைன்னு எழுதிட்டேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

சப் இன்ஸ்பெக்டர் வந்தார். "யாரு பண்ண வேலை இது?"

"கோலை வெட்டினது நான்தாங்க" என்றேன்.

அதே நேரத்தில் என் வீட்டுக்காரர் பின்னாலிருந்து, "குண்டு போட்டது நாந்தாங்க" என்றார்.

"லைசென்ஸ் இல்லாத நீ எதுக்கய்யா குண்டு போட்ட?" என்று சப் இன்ஸ்பெக்டர் அவர் பக்கம் திரும்ப, அவர் காதைப் பொத்திக்கொள்ளாத குறை. அப்புறம் நான் முதலிலிருந்து உள்ளதை உள்ளபடி சொன்னேன். அரைமணி நேரம் வாங்கிக் கட்டிக்கொண்டோம். ஒரு வார்த்தைகூட அநியாயம் இல்லை. கடைசியில் சப் இன்ஸ்பெக்டரே தணிந்து, "நீங்களா ஓடி வந்து சொன்னதால கேஸு போடல. எழுதிக் குடுத்துட்டுப் போங்க. எலக்‌ஷன் முடிஞ்சதும் வந்து வாங்கிக்குங்க" என்றார்.

நான் பெஞ்சைப் பார்த்தேன். அப்பாவின் துப்பாக்கி. அடிப்பிடியில் அவர் கைபட்டு வழவழத்த இடம் வெயிலில் மின்னியது. எனக்கு அது வேண்டும் என்றுதான் இருந்தது. பன்றிக்குப் போட்ட குண்டு அந்தப் பெண்ணின் கையில் இன்னும் இருந்தது.

"வேணாங்க. லைசென்ஸையும் சேர்த்துக் குடுத்துடறேன்" என்றேன். என் வீட்டுக்காரர் என் முழங்கையைப் பிடித்தார்.

கட்டுப் போட்ட விரலோடு நானே எழுதினேன், எழுத்து கோணல் மாணலாக விழுந்தது. ரைட்டர் வாங்கிப் படித்துவிட்டு, "இதுல வூட்டுக்காரர் கையெழுத்து இல்லீங்களே?" என்றார்.

"அண்ணா, லைசென்ஸு அக்கா பேருலதான் இருக்குது" என்றாள் அந்தப் பெண்.

இத்தனை வருசத்தில் அந்த ஸ்டேஷனில் அதை ஒருவர் சரியாகச் சொன்னது அன்றைக்குத்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. துப்பாக்கி போகிறதே என்று அழுகிறேன் என நினைத்து அவள் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். நான் அவள் கண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டும் நன்றாக இருந்தன.