இளவரசனுக்கு எட்டாத சிம்மாசனம்

ரானுயியில் நான் குடியிருக்கும் வீட்டை நானே கட்டினேன். மவுண்ட் ஆல்பர்ட்டில் இற்றுப்போன பழைய மரவீடுகளை நிமிர்த்தி நிறுத்தியிருக்கிறேன். ஒனிஹங்காவில் நீங்கள் பால் வாங்கும் டெய்ரியில், அந்த மூலைக்கடையில், அலமாரிகள் என் கைவேலை. விசா கிடைக்காது என்றார்கள்; கிடைத்தது. இங்கிலீஷ் தெரியாதவனுக்கு யார் வேலை கொடுப்பார்கள் என்றார்கள். நான் மற்றவர்களுக்கு வேலை கொடுத்தேன். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. ஆனால் நான் மார்தட்டிக்கொள்வது ஒரு சிம்மாசனத்துக்காகத்தான்.

நம் தமிழ்ச் சங்க நாடகத்துக்குச் செய்தது அது. சோழர் வீட்டுப் பிள்ளை ஒருவனின் கதை. தவழும் வயதிலேயே பட்டம் அவனுக்குத்தான் என்று அறிவித்துவிட்டார்கள். ஆறு வயதில் காய்ச்சலில் போய்விட்டான். ஒரு நாள்கூட ஆளவில்லை.

என்னிடம் “சிம்மாசனம் வேண்டும்” என்று மட்டும்தான் சொன்னார்கள். ராஜா என்றால் ஆள் உயரமாகத்தானே இருப்பான்? அந்த அளவுக்கே செய்தேன். ஒத்திகையில் இளவரசனாக நடித்த சிறுமியைத் தூக்கி உட்காரவைத்தோம். பாதம் தரையைத் தொடவில்லை, அந்தரத்தில் ஆடியது.

ராஜா வேடம் போட்ட ஐ.டி. தம்பிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “பெரியவரே, இது சிம்மாசனமா, பார் ஸ்டூலா?”

நாடகத்தை இயக்கிய யாழ்ப்பாணத்து டீச்சர் சிரிக்கவில்லை. “ஐயா, பிள்ளைக்கு நிலம் முட்டேல்லை. சனம் பகிடி பண்ணும். கீழ கொஞ்சம் அரிஞ்சு விடுங்கோவன்.”

“அறுக்க மாட்டேம்மா.”

“ஏன் ஐயா இந்தப் பிடிவாதம்?”

“அவங்கப்பன் உட்காந்த எடம்மா அது. புள்ளை அளவுக்குக் குட்டியாவா செஞ்சிருப்பாங்க? வளந்து வருவான்னுதானே தூக்கி வச்சாங்க? வளரலையே! அதைத்தானே நாடகமா போடுறீங்க?”

டீச்சர் அந்தச் சிறுமியைப் பார்த்தபடி நின்றார். பிறகு, “ஓம் ஐயா, இருக்கட்டும்” என்றார்.

செய்த தப்பை மறைக்க வாய்க்கு வந்ததைச் சொன்னேன் என்கிறார்கள். இருக்கட்டுமே. வந்தது என் வாய்க்குத்தானே?

நாடகத்தன்று இளவரசன் பாதங்களை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்தபோது சனம் சிரித்தது. அடுத்த காட்சியில் ராஜா பிள்ளையைத் தோளில் போட்டு எடுத்துப்போக, மேடையில் என் சிம்மாசனம் மட்டும் நின்றது. முன்வரிசையில் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது. சிரித்த தம்பியே திரைக்குப் பின்னால் கண்ணைத் துடைத்தான்.

முடிந்ததும் சங்கத் தலைவர் மைக்கைப் பிடித்தார். “அந்தரத்தில் ஆடிய பாதங்கள், என்ன ஓர் இயக்குநர் கற்பனை!” என்று டீச்சருக்குப் பொன்னாடை போட்டார். எனக்கு, “மேடைப் பொருள் உதவிய அன்பர்களுக்கும் நன்றி”. அன்பர்களாம்!

இப்போது வெலிங்டனில் அதே நாடகமாம். சிம்மாசனத்தை ஏற்றிப்போக வேன் வருகிறதாம். என் கராஜ் பூட்டித்தான் இருக்கிறது. முதலில் நோட்டீஸில் என் பெயர் ஏறட்டும். சிம்மாசனம் செய்தவர் என்று போட்டால் போதாது. அறுக்கவிடாதவர் என்றும் போடுங்கள். மைக்கிலும் சொல்லுங்கள், டீச்சரே சொல்லட்டும். அப்புறம் சாவி தருகிறேன்.