கொள்ளிடத்தில் மருதமுத்து ஊதிய ஊத்து

மலைக்கோட்டைக் கடைவீதியில் பம்பைக்குத் தோல் பார்த்துக்கொண்டிருந்தேன். "கொம்புக்காரர் மருதமுத்து போயிட்டாருங்க" என்றார் கடைக்காரர். தோலை அங்கேயே போட்டுவிட்டு ஸ்ரீரங்கம் பஸ் பிடித்தேன். நான் பம்பை அடிக்க, அவர் பக்கத்தில் நின்று கொம்பு ஊதியவர்.

அவரோடு சமயபுரம் போனவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். நடந்ததில் பாதியைத்தான் நீங்கள் சொல்லித் திரிகிறீர்கள்.

நயா பைசா வந்த புதிது. ஐப்பசி மாதம். பாலம் வழியாகச் சுற்றுவானேன் என்று வேண்டுதல் கூட்டம் கொள்ளிடம் மணலில் இறங்கிவிட்டது. கணுக்கால் தண்ணீர்தான். பூத்தட்டுப் பெண்கள் முன்னால் போனார்கள்; அவர்களில் என் மனைவியும், அவள் இடுப்பில் பையனும். பம்பை நனையக்கூடாதென்று நானும் மருதமுத்துவும் பின்தங்கினோம்.

மேற்கே துணி துவைத்தவர்கள் துணியைப் போட்டுவிட்டுக் கரையேறி ஓடுவதை அவர்தான் பார்த்தார். "மேலணையைத் தொறந்துட்டாங்க தம்பி!" கத்தினோம். உடுக்கைச் சத்தத்தில் யார் காதில் விழும்? வழக்கம்போலக் கொம்பு ஊதினால் இன்னும் வேகமாகத்தான் நடப்பார்கள்.

மருதமுத்து கொம்பைத் தூக்கினார். பிணம் எடுக்கும்போது மட்டும் ஊதுகிற அந்த நீண்ட, இறங்கும் ஊத்தை ஊதினார். அம்மன் ஊர்வலத்தில் அதை ஊதினால் ஊதியவன் வீட்டில் ஓர் உயிர் போகும் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. அவர் மனைவி அப்போது நிறைமாதம்.

கூட்டம் திரும்பியது. "அடப்பாவி, என்னடா ஊதுற!" என்று அடிக்க ஓடிவந்தார்கள். அடிக்க வந்ததால்தான் பிழைத்தார்கள். கடைசி ஆள் கரையேறியதும் வெள்ளம் மணலை மூடிவிட்டது.

அதன்பின் அவரை எந்த ஊர்வலத்துக்கும் கூப்பிடவில்லை. நன்றி கெட்ட ஜனம்! அவருக்குப் பெண் பிறந்தது. அவளுக்குக் காய்ச்சல் கண்டால் மனுஷன் சோறு தண்ணி இல்லாமல் வாசலில் உட்கார்ந்திருப்பார். "ஊதின சாவு எங்கயாவது எறங்கித்தானே ஆகணும் தம்பி?" என்பார்.

நான் ஸ்ரீரங்கம் போய்ச் சேர்ந்த அன்று, அவர் உடலை எடுக்கும் நேரத்தில் வேறொரு கொம்புக்காரர் வந்து நின்றார். மருதமுத்துவின் மனைவி கும்பிட்டுத் தடுத்தார்.

"வேணாங்க. அவருக்கு ஊதியாச்சு. 'எம் புள்ளைக்கில்ல ஆத்தா, எனக்கு'ன்னு வேண்டிக்கிட்டுத்தான் அன்னிக்கு ஆத்துல ஊதினாராம். நேத்துதான் சொன்னாரு. ஆத்தா கேட்டாளா இல்லையான்னு தெரியாமத்தான் இத்தனை வருஷமும் கெடந்திருக்காரு."

பக்கத்தில் அவர் மகள் அழுதுகொண்டு நின்றாள். கொம்பில்லாமல் எடுத்தோம்.

வீடு திரும்பியபோது என் பையன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான், அவன் அம்மா பரிமாறிக்கொண்டிருந்தாள். மருதமுத்து எனக்கு விட்டுப்போனது அந்த இரண்டு பேரையும்தான்.