உஷாராணியின் தாள்

கோகிலவாணிக்கு வயிற்றெரிச்சல் என்றால் அப்படியொரு வயிற்றெரிச்சல். சேலத்து ஆஸ்பத்திரி ஒன்றில், இதயத்துக்குக் குழாய் விடும் கேத் லேபில் பதினேழு வருடம் நர்ஸாக நின்று நின்று காலில் நரம்பு சுருட்டிக்கொண்டது அவளுக்கு. டாக்டர் தீனதயாளன் வாய் நிறையப் பாராட்டுவதோ, எட்டு மாதம் முன்பு சென்னையிலிருந்து வந்த நர்ஸ் உஷாராணியை. எல்லாம் ஒரு தாளால் வந்தது. இதயம் தாறுமாறாகத் துடிக்கிறவர்களுக்குத் தொடை வழியாகக் குழாய் விட்டுச் சரிசெய்யும் முன், ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையை விடாமல் போட்டார்களா என்று காலி அட்டைகளை வாங்கி எண்ணி உஷாராணி அதில் குறிப்பாள். ஒரு வேளை மாத்திரை விட்டிருந்தாலும் தொண்டை வழியாக ஸ்கேன். இதயத்துக்குள் ரத்தக்கட்டி இருந்து, குழாய் பட்டால் அது மூளைக்குப் போய்விடும்.

"இதத்தான நானும் வாயால கேட்டுட்டு இருந்தேன்? தாள்ல எழுதுனா பெரிய அறிவாளியா?" என்று கோகிலவாணி வீட்டில் பொருமுவாள். அவள் புருஷன், பாவம், தினமும் சோற்றோடு உஷாராணியையும் விழுங்கினார்.

ஆடித் திருவிழா முடிந்த நாலாம் நாள், அயோத்தியாப்பட்டணத்தில் ஜவ்வரிசி தயாரிக்கும் சேகோ மில் மேஸ்திரி சரவணமுத்து குழாய் விட்டுக்கொள்ள வந்து படுத்தார். அட்டை காலி, தாள் சுத்தம், ஸ்கேன் வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. கையில் ஊசி போடப் போன கோகிலவாணியின் கண்ணில், அவருடைய இரு கன்னத்திலும் திருநீறு அப்பிய புள்ளிகள் பட்டன. சேலத்துக்காரிக்குச் சொல்லவா வேண்டும்?

"அலகு குத்துனீங்களாண்ணா?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "வருசா வருசம் குத்தறதுதானுங்க அம்மிணி. ரத்தம் வந்தா விரதத்துல கொறைன்னு ஊரே பேசுமுங்க. அதான் ஆறு நாள் மாத்திர போடல. அந்தப் புள்ள அட்டைய எண்ணுமேன்னு மாத்திரைய மட்டும் பிச்சுக் கீழ போட்டுட்டேன். சொல்லிராதீங்க, மறுபடி தள்ளிப் போட்டுருவாங்க."

கோகிலவாணிக்கு உள்ளே குளிர்ந்தது. சந்தோஷம். ஆமாம், சந்தோஷம்தான். தாள் தோற்றுவிட்டது, கையெழுத்து உஷாராணியுடையது. சொல்லாமல் இருந்தால் என்ன? ஊசியைப் போட்டாள், போர்வையை இழுத்துவிட்டாள், வெளியே போய்த் தண்ணீர் குடித்தாள். இப்படியே பத்து நிமிடம் ஓட்டினாள். திரும்பிப் பார்த்தால் சரவணமுத்துவை உள்ளே தள்ளிக்கொண்டு போகிறார்கள். படுத்தபடியே அவர் இவளைக் கும்பிட்டார்.

ஓடினாள். "சார், குழாய் விடாதீங்க! ஆறு நாள் மாத்திர போடலியாம்!"

ஸ்கேனில் சுண்டைக்காய் அளவு கட்டி. அது கரைந்த பிறகுதான் குழாய் என்று அவரைத் திருப்பி அனுப்பினார்கள்.

மாலையில் உஷாராணி கோகிலவாணியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "எனக்கு அந்தப் புள்ளி என்னன்னே தெரியலக்கா. தெரிஞ்ச உடனே நீங்க ஓடி வந்து சொன்னதாலதான் அவர் பொழச்சார். தாள்ல அலகு, விரதம் ரெண்டையும் சேர்த்துட்டேன். கண்டுபிடிச்சது நீங்கன்னு டாக்டர்கிட்டயும் சொல்லிட்டேன்."

அந்த 'உடனே'வைக் கேட்டதும் கோகிலவாணிக்குத் தான் ஓட்டிய பத்து நிமிடம் ஞாபகம் வந்தது. கையை உருவிக்கொள்ளப் பார்த்தாள், முடியவில்லை. மறைக்க ஒன்றுமே இல்லாமல் இப்படி அழ முடிகிறதே இவளால் என்று, அப்போதும் அவளுக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.