ஒரே படத்துக்கு இரண்டு நம்பர்

என் அண்ணனுக்கு முதுகெலும்பில் டிபி வந்தபோது திருவண்ணாமலையில் ஒரு எலும்பு டாக்டர்தான் பார்த்தார். ஒல்லியான மனிதர், மூக்கு நுனியில் கண்ணாடி. எக்ஸ்ரே பார்த்ததும் நோய் எந்த வகை என்று உறையில் நம்பர் எழுதி, அதன்மேல் பிளாஸ்திரி ஒட்டிவிடுவார். அடுத்த வாரம் அதே படத்தைப் புதிதாகப் பார்த்து மறுபடி எழுதிய பிறகுதான் பிளாஸ்திரியைப் பிரித்து, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்.

அண்ணன் படத்துக்கு முதலில் இரண்டு, அப்புறம் மூன்று. இரண்டு என்றால் மாத்திரை போதும். மூன்று என்றால் ஆபரேஷன்.

"இன்னா சார், மாத்தி மாத்திச் சொல்றீங்க?" என்று கத்தினேன்.

"ரெண்டு தபாவும் நான்தாம்மா பாத்தேன். எனக்கே சந்தேகமா இருக்குது. இன்னொருத்தர்கிட்ட காட்டலாம்."

"உடு பாப்பா, லாட்டரிக்காரன்கூட ஒரு நம்பர்தான் சொல்றான்" என்று அண்ணன் சிரித்தான்.

இன்னொரு டாக்டர் மூன்று என்றார். ஆபரேஷன் நடந்தது. மூன்றாம் நாள் அண்ணன் போய்விட்டான்.

காரியம் முடிந்ததும் முதல் டாக்டரைத் திட்டத்தான் போனேன். "மாத்திரையே குடுத்திருந்தா பொழைச்சிருப்பானா சார்?"

"தெரியலம்மா."

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் விதி என்று அடித்துச் சொன்னார்கள். தெரியவில்லை என்று சொன்னவர் அவர் மட்டும்தான். கும்பிட்டுவிட்டு வந்தேன். ஏன் கும்பிட்டேன் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.