இருட்டில் நீண்ட கை

கோச்சடையில் வயலை ஒட்டியிருந்த எங்கள் பெரிய வீட்டில், என் கணவரின் அண்ணன் தம்பிகள் எல்லாருடைய பிள்ளைகளும் ஒன்றாகவே வளர்ந்தார்கள். அந்திச் சோறு போடுவது என் மூத்த ஓரகத்தியின் பொறுப்பு. முற்றத்தில் பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து, பெரிய சட்டியில் சோறும் குழம்பும் பிசைந்து, நீட்டிய கைகளில் உருண்டை உருண்டையாக வைப்பார். யார் பிள்ளை என்று பார்ப்பதில்லை. சட்டி காலியானால் எல்லாப் பிள்ளைகளும் சாப்பிட்டாயிற்று. போர்க்காலத்தில் மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு வந்தபின் அந்த நேரத்துக்கு விளக்கு ஏற்றுவதையும் நிறுத்திவிட்டோம். இருட்டில் கைகள் மட்டும்தான் தெரியும்.

அப்போது என் கடைசி மகளுக்கு ஐந்து வயது. ஒல்லியான உடம்பு. அதனால் குலுக்கைக்குள் இறங்கும் வேலை அவளுக்கு வந்தது. நெல் கொட்டிவைக்கும் அந்த மண் குலுக்கை ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும். மேலே குறுகிய வாய், அடியில் நெல் எடுக்க ஒரு துளை. நெல் அடிமட்டத்துக்கு வந்துவிட்டால் தானாகச் சரியாது. சின்னப் பிள்ளை ஒன்றை மேல்வழியாக இறக்கி, துளைப் பக்கம் தள்ளிவிடச் சொல்வோம். பிள்ளைகளுக்கு அது விளையாட்டு.

அன்று நான் வீட்டுக்குத் தூரம். மாட்டுக்கொட்டகையை ஒட்டிய சின்ன அறையில் தனியே இருந்தேன். அந்த நாட்களில் அடுப்படிக்கோ நெல் அறைக்கோ போகக் கூடாது, பெற்ற பிள்ளையையும் தொடக் கூடாது. இத்தனை பேர் இருக்கிற வீட்டில் உனக்கென்ன கவலை என்பார்கள்.

என் அறைக்கும் நெல் அறைக்கும் நடுவே ஒரே சுவர்; குலுக்கை அதை ஒட்டியே இருந்தது. பொழுது சாய்கிற நேரம், கொழுந்தனார் அவளைக் குலுக்கைக்குள் இறக்கியது கேட்டது. அவள் சிரித்தாள். கொஞ்ச நேரம் நெல் சரியும் சத்தம். பிறகு எதுவும் இல்லை. அப்புறம் குலுக்கையின் மூடியை யாரோ வைப்பது கேட்டது. மூடிவிட்டார்கள் என்றால் பிள்ளையை எடுத்துவிட்டார்கள் என்றுதானே நினைக்கத் தோன்றும்?

முற்றத்தில் பிள்ளைகளின் இரைச்சல் எழுந்து அடங்கியது. ஓரகத்தி எனக்குச் சோறு கொண்டுவந்து நிலைக்கு வெளியே வைத்தார்.

"அக்கா, சின்னவ தின்னாளா?"

"தின்னாம என்ன? கடைசி உருண்டை அவளுக்குத்தான். கையி சில்லுன்னு இருந்துச்சு. கெணத்தடியில வெளாண்டியாடின்னு கேட்டேன், வாயே தொறக்கல. ஒன்னய மாதிரியே அழுத்தக்காரி."

"அவதான்னு எப்பிடிக்கா தெரியும்?"

"கையில கயிறு தட்டுப்பட்டுச்சே."

அந்த மாதம் எல்லாப் பிள்ளைகளின் கையிலும் கறுப்புக் கயிறு கட்டியிருந்தோம்.

"ஒரு தடவ தூக்கிட்டு வந்து காட்டுங்கக்கா."

"படிச்ச புள்ளைக்கு எம்புட்டுச் சந்தேகம்! ஒம் மகள எவன் களவாண்டுட்டுப் போகப் போறான்? இரு, தூக்கிட்டு வாரேன்." சிரித்துக்கொண்டே போனார்.

என் மகளின் கை எப்போதும் சூடாக இருக்கும். கிணற்றடியில் விளையாடி வந்தாலும் சூடுதான். நான் சோற்றைத் தொடவில்லை.

அப்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கம் பிறாண்டல் கேட்டது. எலி என்று நினைத்தேன். ஆனால் அது கொஞ்சம் பிறாண்டும், நிற்கும், மறுபடி பிறாண்டும். சுவரில் விரலால் தட்டினேன். சத்தம் நின்றது. மறுபடி தட்டினேன். அந்தப் பக்கத்திலிருந்தும் ஒரு தட்டு வந்தது.

எழுந்து ஓடினேன். கூடத்தில் ஓரகத்தி விளக்கைப் பிடித்துக்கொண்டு, தூங்கும் பிள்ளைகளின் போர்வையை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அலறினார். "அடியே, உள்ள போகாத! நெல்லு இருக்கிற அறடி!"

நெல் அறைக்குள் நுழைந்து, குலுக்கையின் துளையை அடைத்திருந்த துணியைப் பிடுங்கினேன். நெல் கொஞ்சம் சிந்தியது. நெல்லோடு நாலு விரல்கள் வெளியே வந்தன. பிடித்தேன். கொதித்தது.

கொழுந்தனார் மேலே ஏறி அவளைத் தூக்கி எடுத்தார். அவளை இறக்கிவிட்ட கொஞ்ச நேரத்தில் காளை கட்டை அறுத்துக்கொண்டு ஓட, யாராவது தூக்கிவிடுவார்கள் என்று அவர் அதன் பின்னால் போயிருக்கிறார். திறந்து கிடந்ததைக் கண்ட ஓரகத்தி, எலி இறங்கிவிடும் என்று வழக்கம்போல மூடி, துளையையும் அடைத்திருக்கிறார். பிள்ளை நெல்லின் மேலேயே தூங்கிப்போயிருந்தாள். தலையெல்லாம் பதர், உடம்பெல்லாம் வேர்வை.

"பசிக்குதும்மா," என்றாள்.

ஓரகத்தி விளக்கைக் கீழே வைத்தார். தன் வலது உள்ளங்கையைப் பார்த்தார். முந்தானையில் துடைத்தார். மறுபடி பார்த்தார்.

விடிந்ததும் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி விசாரித்தோம். அதட்டினோம், வெல்லம் தருவதாகச் சொன்னோம். "நா ரெண்டு தடவ நீட்டல பெரியம்மா," என்று ஒருவன் அழவே தொடங்கிவிட்டான். எவனோ நீட்டியிருப்பான். வேறென்ன இருக்கும்? நான் நெல் அறைக்குள் நுழைந்ததைப் பற்றி அந்த வீட்டில் யாரும் வாயே திறக்கவில்லை. ஓரகத்தி அதற்குப் பிறகு பிள்ளைகளுக்கு உருட்டிப் போடவே இல்லை.

இப்போது ஆரப்பாளையத்தில் தனிக்குடித்தனம். மின்சார விளக்கு இருக்கிறது. சில இரவுகளில் சோறு பிசைந்துகொண்டிருக்கும்போதே அது அணைந்துவிடும். என் முன்னால் கைகள் நீண்டிருப்பது மங்கலாகத் தெரியும். உருண்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

"போடும்மா," என்பார்கள் பிள்ளைகள்.

"மொகம் தெரியட்டும்," என்பேன்.